செட்டிநாட்டு வீட்டுக்கு லேசர் சைட்: எந்தத் துப்பாக்கியில் நிற்கும், எதில் நிற்காது

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை பக்கம் தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீடுகள் பலவற்றில் இன்றைக்கு இருப்பது இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். உரிமத்தோடு ஒரு .32 ரிவால்வர் பெட்டகத்தில் கிடக்கும் வீடுகளில் இப்போது ஒரு கேள்வி கிளம்பியிருக்கிறது: "இதுக்கு ஒரு லேசர் மாட்டிட்டா என்ன?" யூடியூப் பார்த்துவிட்டுப் பேரன் கேட்பதுதான் பெரும்பாலும். சிவப்புப் புள்ளி நெஞ்சில் விழுந்ததும் திருடன் கையைத் தூக்கிவிடுவான் என்பது அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். வயதாகிக் கண் மங்கியவருக்கும், டிரிகர் இழுக்கப் பழகுகிறவருக்கும் லேசர் நல்ல பொருள். ராத்திரி வளவுக்குள் (உள்முற்றக் கட்டுக்குள்) நிற்கிற உருவம் யார் என்று அது சொல்லாது. அந்த வேலைக்கு டார்ச் வேண்டும். மூன்றாவதாக ஒரு சங்கடம்: நம் பக்கம் அதிகம் கிடைக்கும் துப்பாக்கியின் அமைப்புக்கும், கடையில் கிடைக்கும் லேசரின் அமைப்புக்கும் ஒத்துப்போவதில்லை.

அந்தச் சங்கடத்திலிருந்தே தொடங்கலாம். லேசர் சைட் சந்தை முழுக்க அமெரிக்கக் கைத்துப்பாக்கிகளை வைத்து வளர்ந்தது. அங்கே 9 மி.மீ. பிஸ்டல்தான் வீட்டுக்கு வீடு. நம் நாட்டில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட குழல் அளவு ('போர்'); சாதாரண உரிமத்தில் கிடைக்காது. சாதாரண உரிமதாரர் கையில் இருப்பது கான்பூரில் செய்த .32 ரிவால்வர், அதன் எடை குறைந்த தம்பியாக 2014-ல் வந்த 'நிர்பீக்', அல்லது 'அஷானி' .32 பிஸ்டல். இவற்றில் எதிலும் லேசர் மாட்டுவதற்கான பள்ளம் வெட்டிய ரெயில் கிடையாது. 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' ரிவால்வரில் தோட்டா இருக்கும் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். அது ஏன் முக்கியம் என்பது சற்றுக் கீழே வரும்.

லேசர் நான்கு விதமாக வருகிறது. பிடியிலேயே பதித்தது (கிரிம்சன் ட்ரேஸ் இதில் பழைய பெயர், ஸ்மித் அண்ட் வெஸன் சிறு ரிவால்வர்களுக்கு அவர்கள் செய்யும் பிடிதான் இந்த வகைக்கு அளவுகோல்). குழலுக்குக் கீழே ரெயிலில் மாட்டுவது. பிஸ்டலின் ஸ்பிரிங் கம்பிக்குப் பதிலாக உள்ளே போடுவது. டிரிகர் கார்டை (டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தை) கவ்விப் பிடிக்கும் கிளாம்பு. முதலாவதும் மூன்றாவதும் குறிப்பிட்ட மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்தவை. இரண்டாவதுக்கு ரெயில் வேண்டும், நம்மிடம் அது இல்லை. ஸ்மித் அண்ட் வெஸன் பிடியை வாங்கி கான்பூர் ரிவால்வரில் மாட்டலாம் என்று நினைத்தால், பிடிச்சட்டத்தின் வளைவும் திருகுத் துளையும் வேறு. அரம் வைத்துத் தேய்த்தாலும் சேராது. ஆக நம்மவருக்கு மிஞ்சுவது நான்காவது, எதற்கும் பொருந்தும் என்று விற்கப்படும் கிளாம்பு. நான்கில் மட்டமானதும் அதுதான்.

ஏன் மட்டம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கிளாம்பு சுமார் 5 செ.மீ. நீளம். சுடும் அதிர்ச்சியில் அதன் ஒரு முனை அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், 10 மீட்டர் தூரத்தில் புள்ளி 10 செ.மீ. தள்ளிப் போய்விடும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. டிரிகர் கார்டு என்பது வளைந்த, மெல்லிய இரும்பு. இரண்டு திருகு அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை குண்டுக்கு நிற்கும்? ரப்பர் பட்டை வைத்து இறுக்கும் வகை இன்னும் மோசம், ரப்பர் அமுங்கிக்கொடுக்கும். அமேசான் போன்ற இடங்களில் 'டேக்டிகல்' என்று வருபவற்றில் பெரும்பாலானவை ஏர் பிஸ்டலுக்கும் பொம்மைத் துப்பாக்கிக்கும் செய்தவை. ஏர் பிஸ்டலில் மாட்டி விளையாட்டாகத் தகரடப்பா அடிக்க அவை தாராளம்.

இப்போது கான்பூர் ரிவால்வரை அருகில் வைத்துப் பார்க்கலாம். வெப்ளி என்ற பழைய ஆங்கிலேய ரிவால்வரின் பாணியில் நடுவில் முறிந்து திறப்பது அது. மேலே பின்பக்கத் தாழை விரலால் தள்ளினால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்பக்கமாகக் கீழே மடியும். மடியும்போது நட்சத்திரத் தகடு மேலே எழும்பி ஆறு காலித் தோட்டாக் கூடுகளையும் தூக்கி வெளியே தள்ளும். கீல் இருப்பது டிரிகர் கார்டுக்கு முன்னால், குழலுக்கு அடியில். லேசரைக் குழலின் அடியில் கட்டினால், திறக்கும்போது அது பின்னால் சுழன்று வந்து துப்பாக்கியின் சட்டத்தில் (பிடியும் டிரிகரும் இருக்கும் உடலில்) இடிக்கும். முழுசாக மடியாது, நட்சத்திரம் முழு உயரம் எழாது, கூடுகள் பாதியில் மாட்டிக்கொள்ளும். இருட்டில், பதற்றத்தில், ஒரு காலிக் கூடு நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி அன்றைக்கு இரும்புத் துண்டுதான்.

சரி, சட்டத்திலேயே டிரிகர் கார்டில் கட்டலாமே என்றால் வேறு தொல்லை. குழல் கீலில் ஆடும் ஒரு பகுதி, சட்டம் இன்னொரு பகுதி. பழைய ரிவால்வரில் தாழ் தேய்ந்திருந்தால் குழல் மூடும்போது ஒவ்வொரு முறையும் இம்மி வித்தியாசத்தில் உட்காரும். லேசர் சட்டத்தோடு நிற்கும், குண்டு குழலோடு போகும். துப்பாக்கியிலேயே பதிந்த இரும்புக் குறியில் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது, முன்குறி குழலின் மேலேயே இருப்பதால். ஆகவே நடுவில் முறியும் ரிவால்வருக்கு லேசர் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மூடிய நிலையில் குழலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று உணர்ந்தால் லேசருக்கு வைத்த பணத்தை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். 'பிரபல்' போலப் பக்கவாட்டில் சிலிண்டர் திறக்கும் ரிவால்வரில் குழல் சட்டத்தோடு அசையாமல் இருக்கும். இந்த இரண்டு தொல்லையும் அங்கே இல்லை.

ரெயில் இல்லாத துப்பாக்கியில் துளை போட்டு ரெயில் பதிக்கலாம் என்று சிலர் லேத் பட்டறைக்கு எடுத்துப் போகிறார்கள். வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் தனி உரிமம் வேண்டும். பட்டறைக்காரருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. அதே சட்டம் சத்தத்தையும் சுடும்போது தெறிக்கும் ஒளியையும் குறைக்கும் கருவிகளைத் துப்பாக்கி என்றே கணக்கில் வைக்கிறது. லேசர் அந்த வரையறைக்குள் வராது. இருந்தாலும் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் பில்லோடு வாங்குவதுதான் நல்லது. காவல் நிலையத்தில் யாராவது "இதென்ன மாட்டியிருக்கு?" என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

அடுத்தது வீடு. லேசர் விற்பவர்கள் எடுத்துக்காட்டும் வீடு அட்டைச் சுவரும் தரைவிரிப்பும் உள்ள வீடு. புள்ளி எதில் விழுந்தாலும் மங்காமல் நிற்கும். நம் வீட்டில் சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் போட்டு இழைத்தது, கண்ணாடி மாதிரி. தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவதால் பிறக்கும்போதே பளபளப்பு. பிறகு வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்து ஏறிய மெருகு வேறு. தூண் பர்மாத் தேக்கு, மெழுகு பூசியது. சுவரில் பெல்ஜியம் கண்ணாடி, சட்டமிட்ட தஞ்சாவூர்ப் படங்கள்.

பளபளப்பான பரப்பில் லேசர் சாய்வாக விழுந்தால் ஒளியில் கணிசமான பங்கு உங்கள் கண்ணுக்குத் திரும்பி வராது. எதிர்த் திசையில் தெறித்துப் போகும். விழுந்த இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி, எதிர்ச்சுவரில் பளிச்சென்று இன்னொன்று. பதற்றத்தில் கண் பளிச்சென்றதைத்தான் பிடிக்கும். பட்டாலையிலிருந்து (கூடத்திலிருந்து) வளவுக்குள் பார்த்தபடி நின்றால் தூண் வரிசை வேறு குறுக்கே வரும். புள்ளி ஒரு தூணில் விழுந்து, அடுத்த கணம் இடைவெளி வழியாக இரண்டாம் கட்டுச் சுவருக்குத் தாவும். ஒன்றுக்கும் மற்றதற்கும் நாற்பது அடி வித்தியாசம். கண் அந்தத் தாவலைத் தொடர்ந்து ஓடி ஓய்ந்துபோகும்.

இதைச் சோதிக்கத் துப்பாக்கியே வேண்டாம். பள்ளி, கல்லூரியில் பாடம் நடத்தப் பயன்படுத்தும் சாதாரண லேசர் பாயின்டர் ஒன்றை வாங்கி, ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, படுக்கும் அறை வாசலில் நின்று வீட்டின் ஒவ்வொரு பக்கமும் காட்டிப் பாருங்கள். எந்தச் சுவர் புள்ளியை விழுங்குகிறது, எந்தக் கண்ணாடி திருப்பி உங்கள் முகத்துக்கே அனுப்புகிறது என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். யாரும் எதிரே நிற்கக் கூடாது. கண்ணாடியைப் பார்த்த நிலையில் கண் மட்டத்தில் காட்டக் கூடாது. துப்பாக்கி லேசர்கள் பெரும்பாலும் 5 மில்லிவாட்டுக்கு உட்பட்டவை. கண்ணில் நேராக விழுந்தால் அந்தக் குறைந்த அளவும் நல்லதல்ல. விலை மலிந்த பச்சை லேசரில் அச்சிட்ட அளவை நம்ப முடியாது. அகச்சிவப்பு வடிகட்டி போடாமல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் சேர்ந்தே வரும்.

சிவப்பா, பச்சையா? ஒரே மில்லிவாட்டில் பச்சை பல மடங்கு பிரகாசமாகத் தெரியும், மனிதக் கண் 555 நானோமீட்டர் அருகில்தான் மிகக் கூர்மை என்பதால். பச்சை 520 அல்லது 532. சிவப்பு 635 முதல் 650 வரை. முற்பகல் வெயில் முற்றத்தில் இறங்கியிருக்கும்போது சிவப்புப் புள்ளி சில மீட்டருக்கு அப்பால் காணாமல் போகும், பச்சை தாக்குப்பிடிக்கும். ராத்திரிக்கு இரண்டும் ஒன்றுதான், சிவப்பே போதும். பேட்டரியும் அதில் கூடுதல் நேரம் நிற்கும். பச்சைதான் வேண்டுமென்றால் 520 என்று போட்டதை எடுங்கள். 532 என்பது அகச்சிவப்பு ஒளியைப் படிகம் வழியாக மாற்றிப் பச்சையாக்குவது, வெப்பநிலை மாறினால் மங்கும். சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்த 532 லேசர் தள்ளாடுவது அதனால்தான். சிவப்பு சரியாகத் தெரியாத நிறக்குறைபாடு உள்ளவருக்குப் பச்சை தவிர வழியில்லை.

சாம்பிராணிப் புகையிலும் மார்கழிப் பனியிலும் புள்ளியோடு கோடும் தெரியும். அந்தக் கோட்டின் மறுமுனையில் நிற்பது நீங்கள்.

லேசரை நேர்செய்வது பலர் தப்புச் செய்யும் இடம். லேசர் குழலுக்குள் இல்லை, பக்கத்திலோ கீழேயோ இருக்கிறது. கீழே 3 செ.மீ. இறக்கத்தில் இருக்கும் லேசரை 10 மீட்டரில் குண்டோடு சேர்த்துவிட்டால், 5 மீட்டரில் குண்டு புள்ளிக்கு ஒன்றரை செ.மீ. மேலே படும், 20 மீட்டரில் 3 செ.மீ. கீழே. வீட்டுக்குள் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை வருவது 3 மீட்டரில் நேர்செய்பவர்களுக்கு: அங்கே சரியாக விழும், 10 மீட்டரில் 7 செ.மீ. தப்பும். ஆகவே 7 முதல் 10 மீட்டருக்குள் ஏதாவது ஒரு தூரத்தை வைத்துக்கொண்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

முறை இப்படி. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். சிலிண்டரின் ஆறு துளையும் காலி என்று விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். மணல் மூட்டையில் கையைத் தாங்கி, இரும்புக் குறியை இலக்கின் நடுவில் நிறுத்துங்கள். துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருந்து, லேசரின் இரண்டு திருகுகளையும் சின்ன ஆலன் கீயால் திருப்பி, புள்ளி முன்குறியின் உச்சியில் உட்காரும்படி செய்யட்டும். கிரிம்சன் ட்ரேஸ் பிடிகளுக்கான ஆலன் கீ 0.028 அங்குலம், ஊசி மாதிரி இருக்கும். தொலைந்தால் சாதாரண ஹார்டுவேர் கடையில் தேடி அலைய வேண்டியிருக்கும். கால் சுற்று, அரைச் சுற்று என்று போக வேண்டும். திருகு இறுகியதும் பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் டயோடு கூண்டு வளையும். இதெல்லாம் முடிந்தும் வேலை பாதிதான். துப்பாக்கிச் சுடும் கிளப்பில் மூன்று மூன்றாக ஒன்பது குண்டு சுட்டுப் பார்த்து, கொத்து எங்கே விழுகிறதோ அங்கே புள்ளியைக் கொண்டுவர வேண்டும். பிறகு இன்னொரு முறை ஆறு சுட்டு, புள்ளி நகர்ந்திருக்கிறதா என்று இரும்புக் குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிளாம்பு வகை இந்தக் கடைசிப் பரீட்சையில்தான் தோற்கும். பிடிப்புத் திருகுகளுக்கு திருகு கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி போடலாம். நேர்செய்யும் திருகுகளில் போடவே கூடாது.

பிடியில் பதித்த வகையை வாங்கும் அதிர்ஷ்டம் உள்ளவர்கள், அதாவது 1980-களின் நடுவில் இறக்குமதி கதவு மூடப்படுவதற்கு முன் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் வைத்திருப்பவர்கள், வேறொன்றைக் கவனிக்க வேண்டும். லென்ஸ் வலப்பக்கம் பிடியின் மேல்மூலையில் இருக்கும். ஆள்காட்டி விரலைச் சட்டத்தோடு நீட்டி வைப்பதுதான் பாதுகாப்பான பழக்கம். அந்த விரலே ஒளியை மறைத்துவிடும். "லேசர் எரியலை" என்ற புகாரில் பேட்டரிக்கு அடுத்த காரணம் இந்த விரல்தான். விரலைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கப் பழகினால் தீரும். புள்ளி தெரியவில்லையே என்று விரலை டிரிகருக்குள் விடுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் கையில் லேசரே இருக்கக் கூடாது. ரிவால்வரில் சிலிண்டர் இடுக்கு வழியாகப் புகையும் கரியும் வெளியே தெறிக்கும், அது லென்சில் படியும். ஐம்பது குண்டுக்கு ஒருமுறை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். துப்பாக்கி எண்ணெயை லென்ஸ் பக்கம் பீய்ச்சினால் புள்ளி பூப்போல விரிந்து தெரியும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு நல்லதையும் சொல்ல வேண்டும். அறுபது தாண்டியவருக்கு முன்குறி மங்கலாகத்தான் தெரியும். படிக்கும் கண்ணாடி போட்டால் குறி தெரியும், எதிரே இருப்பது தெரியாது. லேசரில் கண் எதிரே இருப்பதை மட்டும் பார்த்தால் போதும். இந்த ஒரு காரணத்துக்கே வயதான உரிமதாரருக்கு அது கொடுத்த விலைக்குப் பெறும்.

பயிற்சிக்கு இதைவிட நேர்மையான வாத்தியார் கிடையாது. டம்மித் தோட்டா போட்டு, சுவரில் எட்டணா அளவு வட்டம் வரைந்து, புள்ளியை அதில் நிறுத்தி டிரிகரை முழுசாக இழுங்கள். டபுள் ஆக்‌ஷனில் (சுத்தியலை முன்கூட்டி இழுக்காமல் டிரிகராலேயே சுடுவதில்) டிரிகர் கனம். சுத்தியல் பின்னால் போகப் போக புள்ளி மெல்ல அலையும், அது யாருக்கும் நிற்காது. சுத்தியல் விழும் அந்தக் கடைசி நொடியில் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். வலக்கைக்காரருக்குப் புள்ளி இடப்பக்கம் கீழே வெட்டி இழுத்தால், ஆள்காட்டி விரலோடு சேர்த்து மொத்தக் கையையும் இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம். அலைகிற புள்ளி வட்டத்துக்குள் வரும் கணத்தைப் பார்த்து 'இப்போ' என்று சட்டென்று இழுக்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும், அதுதான் கெடுப்பது. அலையட்டும் என்று விட்டுவிட்டு ஒரே சீராக இழுக்க வேண்டும். தினம் இருபது இழுப்பு, ஒரு மாதம். தோட்டா எண்ணி எண்ணி வாங்க வேண்டிய நாட்டில் இது பெரிய லாபம். ஆனால் பாதி இழுப்புகளை லேசரை அணைத்துவிட்டு இரும்புக் குறியில் செய்யுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்த அன்றைக்குக் கை புள்ளியைத் தேடிக்கொண்டே நிற்கும்.

இனி, திருடன் கையைத் தூக்கும் கதை. இருட்டில் தன் மேல் விழுந்த புள்ளியை அவன் பார்க்க வேண்டும், பார்த்து என்னவென்று புரிந்துகொள்ள வேண்டும், புரிந்து பயப்பட வேண்டும். மூன்றும் நடக்கும் என்று எழுதித் தர யாராலும் முடியாது. அதைவிட, புள்ளி விழும் உருவம் யார்? வாட்ச்மேனாக இருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் ராமேஸ்வரம் ரயிலில் விடியுமுன் வந்து இறங்கி, பின்வாசல் வழியாக நுழைந்த மகனாக இருக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. இரவில் வீடு உடைத்து நுழைபவன் விஷயத்தில் 41-ஆம் பிரிவு உரிமையை விரிக்கிறது, ஆனால் தேவைக்கு மேல் தீங்கு கூடாது என்ற 37-இன் கட்டு அப்போதும் இருக்கிறது. யாரென்றே பார்க்காமல் சுட்டவருக்கு எந்தப் பிரிவும் கைகொடுப்பது கஷ்டம். இடக்கையில் தனி டார்ச், அதைத் துப்பாக்கியில் மாட்டாமல். துப்பாக்கியில் மாட்டிய விளக்கால் ஆளைத் தேடினால் மகன் மேலும் குழலைத்தான் நீட்டுவீர்கள். முகப்புக்கும் பின்கட்டுக்கும் அசைவு கண்டால் எரியும் விளக்கு போட்டு, படுக்கும் அறைக் கதவுக்கு நல்ல தாழும் போட்ட பிறகு பணம் மிஞ்சினால் லேசரைப் பற்றி யோசிக்கலாம். பூட்டிய பெட்டகத்திலிருந்து துப்பாக்கியை எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்தாலே முன்னுரிமை தானாக விளங்கும்.

வாங்கிவிட்டவர்களுக்குப் பராமரிப்பு இரண்டு வரி. சிஆர்2032 பேட்டரியில் ஓடும் மாடல் என்றால் காரைக்குடியில் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். 1/3என் வகை என்றால் வாங்கும்போதே நாலு சேர்த்து வாங்கிவையுங்கள். வருஷம் ஒருமுறை, எரிந்தாலும் எரியாவிட்டாலும், ஆயுத பூஜைக்கு முதல் நாள் பேட்டரியை மாற்றுங்கள். மறுநாள் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது லென்சில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ந்த சந்தனம் சுரண்டினால் லென்ஸ் கீறும். தேர்தல் அறிவித்துத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், கழற்ற முடிகிற லேசர் என்றால் லேசரையே கழற்றி வீட்டில் வையுங்கள். ரசீதில் துப்பாக்கி எண் மட்டும் இருக்கும். திரும்பி வரும்போது மேலே மாட்டியது எங்கே என்று கேட்க வழியிருக்காது. திரும்பி வந்ததும் முதல் வேலை, புள்ளி முன்குறியின் உச்சியில் இருக்கிறதா என்று பார்ப்பது.